மண்ணுக்குள் ஓடும் வெளிச்சம்

செல்போனில் பேசுகிறோமே, அந்தப் பேச்சு எந்த வழியாகப் போகிறது என்று கேட்டால் நம்மில் பத்துப் பேரில் ஒன்பது பேர் ஆகாயத்தைக் காட்டுவார்கள். ஆகாய மார்க்கம் எதுவரை தெரியுமா, சகோதரிகளே? அடுத்த தெரு மாடியில் நிற்கிறதே டவர், அதுவரைதான்! சில டவர்கள் வானொலி அலையாகவே இன்னொரு டவருக்குக் கைமாற்றிவிடும். ஆனாலும் சற்றுத் தள்ளியாவது அந்தப் பேச்சு மண்ணுக்குள் இறங்கித்தான் ஆக வேண்டும்.

அங்கே காத்திருப்பது ஒரு கண்ணாடி இழை. தலைமயிர்ப் பருமன்தான், அதற்குள் வெளிச்சம் விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது! கண்ணாடியிலுள்ள அழுக்கைப் போக்கினால் வெளிச்சம் வெகு தூரம் போகும் என்று 1966-ல் தம் சகாவோடு சேர்ந்து எழுதியவர் சார்லஸ் காவோ. 2009-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய இழையில் 15 கிலோமீட்டர் போன பிறகும் பாதி வெளிச்சம் மிஞ்சியிருக்கிறது.

வீடுகளுக்கு வரும்போது இன்னொரு வேடிக்கை. ஒரே இழையின் வெளிச்சத்தை மின்சாரமே வேண்டாத ஒரு சின்னக் கருவி 32 கிளைகளாகப் பிரித்துவிடும். சில இடங்களில் டவருக்கும் அதிலேயே ஒரு கிளை. எல்லோரும் ஒரே சமயத்தில் பதில் அனுப்பினால் குழம்பிப் போகாதா? போகாது. குழாயடியில் குடம் வைத்த மாதிரி ஒவ்வொருவருக்கும் முறை உண்டு. நம் குழாயடிச் சண்டை மட்டும் அங்கே கிடையாது!

இவ்வளவும் ஒரு பொக்லைன் இயந்திரத்தின் பல்லுக்குத் தாங்காது என்பதுதான் துயரம். மழைநீர்க் கால்வாய்க்காக எங்கள் தெருவைத் தோண்டியபோது கேபிள் அறுந்தது. டவர் அசையாமல் நின்றது, செல்போன்களெல்லாம் ஊமையாயின. அன்றைக்குத்தான் என் மகள் புனாவில் பிரசவ அறைக்குள் போயிருந்தாள்! மாடிக்கும் வாசலுக்குமாக நான் நடந்த நடை எனக்குத்தான் தெரியும். பேத்தி பிறந்த செய்தி ஐந்து மணி நேரம் கழித்து, இரவு எட்டரைக்கு வந்தது. அழுதேனா சிரித்தேனா, நினைவில்லை.

பரிகாரம் இல்லாமல் இல்லை. ஒரு டவருக்கு இரண்டு திசையிலிருந்து இழை கொண்டுவந்தால், ஒன்று அறுந்தாலும் மற்றொன்று காப்பாற்றும். செலவு கூடுதல், அதனால் எல்லா இடத்திலும் செய்வதில்லை. தோண்டுமுன் கேபிள்காரர்களுக்குத் தகவல் தரவென்றே 2023 மார்ச் 22-ல் மத்திய அரசு ஒரு செயலியைத் தொடங்கி வைத்தது.

உங்கள் தெருவிலும் கடப்பாரையும் பொக்லைனும் வந்து நிற்கும். அப்போது வாசலுக்குப் போய், "கேபிள்காரர்களுக்குச் சொல்லியாயிற்றா, அப்பா?" என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். எந்த வீட்டுத் தாயார் எந்தச் செய்திக்காகக் காத்திருக்கிறாளோ, யார் கண்டது?