வண்டி நிற்கும் இடம்

வண்டியை நிறுத்திவிட்டு ஊருக்குப் போகிறவர்களுக்கு எங்கள் மாமல்லபுரத்தில் நல்ல முன்மாதிரி ஒன்று இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் பல்லவர்கள் ஐந்து ரதங்களைக் கடலோர மணலில் நிறுத்திவிட்டுப் போனார்கள். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேலாகியும் அவை நிறுத்திய இடத்திலேயே நிற்கின்றன. நிறுத்தியவர்களிடம் யாரும் வாடகை கேட்கவில்லை. பார்க்க வருகிறவர்களிடம்தான் கட்டணம் வசூலிக்கிறார்கள்!

நம் ஸ்கூட்டருக்கு அந்தப் பாக்கியம் ஏது? எங்கள் ஊரில் கடல் இருக்கிறது, கோயில் இருக்கிறது, ரயில்தான் இல்லை. கடற்கரையோரமாகப் பாதை வரப்போகிறது என்ற பேச்சு மட்டும் நெடுநாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே தெற்கே போக நினைப்பவன் முதலில் மேற்கே திரும்பி, திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர் போய்ச் செங்கல்பட்டில் ரயில் ஏற வேண்டும். பஸ் இருக்கிறது. ஆனால் திரும்பி வரும்போது விடியற்காலை மூன்று மணிக்கு ரயில் கொண்டுவந்து இறக்கிவிட்டால் பஸ் ஏது? அதனால் ஸ்கூட்டரிலேயே போய், ரயிலடி ஸ்டாண்டில் விட்டுவிட்டுப் போவது என் வழக்கம்.

என் தகப்பனார் பள்ளிக்கூட வாத்தியார். ரயில் பிரயாணம் என்றால் அவர் செய்கிற ஏற்பாடுகளைப் பார்த்து வீடே சிரிக்கும். முதலில் பஞ்சாங்கத்தை எடுப்பார். பிறகுதான் ரயில் அட்டவணை. இரவு வண்டிக்கு மத்தியானமே பஸ் ஏறிவிடுவார். செங்கல்பட்டு ரயிலடியில், கொளவாய் ஏரிக் காற்று வீசும் பக்கமாகப் பெட்டியைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு வந்த தயிர் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு, ஐந்து மணி நேரம் சும்மா இருப்பார். "ரயில் நமக்காகக் காத்திருக்காது, நாமதான் அதுக்காகக் காத்திருக்கணும்" என்பார். "பஞ்சாங்கம் பார்த்தால் மட்டும் ரயில் நேரத்துக்கு வந்துவிடுமா அப்பா?" என்று நான் கேட்பேன். அவர் பதில் சொல்லமாட்டார். நான் அவரை ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்வேன்.

நானும் திட்டம் போடாதவன் அல்ல. எந்த ரயிலுக்கு எத்தனை நாள் முன்பு டிக்கெட் எடுக்கலாம் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். முன்பு 120 நாள்; 2024 நவம்பர் முதல் 60 நாள். எழும்பூரிலிருந்து டிக்கெட் எடுத்தாலும், ஏறும் இடம் செங்கல்பட்டு என்று மாற்றிக் குறித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நம் படுக்கையில் வேறொருவர் சுகமாகக் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார், கேட்க நமக்கு வாயில்லை. ரயில் நிற்பதோ இரண்டு நிமிஷம். இருபது பெட்டிகளுக்கு மேல் உள்ள ரயில் என்றால் தலையிலிருந்து வால் வரை ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர். நம் பெட்டி எங்கே வந்து நிற்கும் என்று முன்பே பார்த்து, அங்கே போய் நின்றுகொள்ள வேண்டும். இத்தனையும் அறிந்தவன் நான். ஆகையால் அரை மணி நேரம் கையிருப்பு வைத்துப் புறப்பட்டால் போதும் என்பது என் கணக்கு.

சென்ற வருஷம் திருநெல்வேலியில் இருக்கும் என் அக்காவுக்கு இருதயத்தில் ஆபரேஷன் என்று தேதி குறித்தார்கள். காலை ஒன்பது மணிக்கு. "உள்ளே கொண்டுபோறதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிட்டுப் போடா" என்று போனில் சொன்னாள். அவளுக்கு எழுபத்திரண்டு வயது. அம்மா போன பிறகு எனக்குச் சோறு ஊட்டியவள். முதல் நாள் இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்தேன். மறுநாள் காலை ஏழு மணி சுமாருக்குத் திருநெல்வேலி. கணக்குப் பிசகவில்லை.

திருக்கழுக்குன்றத்தை நெருங்கும்போதுதான் தெரிந்தது, அன்று பௌர்ணமி என்று. மலையைச் சுற்றக் கிரிவலக் கூட்டம். வேன்கள், பஸ்கள், குடும்பம் குடும்பமாக நடந்துபோகும் ஜனங்கள். போலீஸ்காரர் என்னை ஒரு சந்தில் திருப்பிவிட்டார். அந்தச் சந்து இன்னொரு கூட்டத்தில் கொண்டுபோய் விட்டது. தலைக்கு மேலே அழகான நிலா. என் வாழ்நாளில் நிலாவை அன்றுபோல் நான் சபித்ததில்லை.

அந்த இடத்தில்தான் அப்பாவின் பஞ்சாங்கம் எனக்குப் புரிந்தது. அவர் ராகு காலம் மட்டும் பார்க்கவில்லை. வழியில் பௌர்ணமியா, தேரா, திருவிழாவா, முகூர்த்த நாளா என்று பார்த்திருக்கிறார். என்னிடம் இருந்தது ரயிலின் அட்டவணை. அவரிடம் இருந்தது வழியின் அட்டவணை.

செங்கல்பட்டு ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கையிருப்பு அரை மணியில் நாலு நிமிஷம் மிச்சம். ஸ்டாண்டு நிரம்பி வழிந்தது. ஒரு வண்டியை நகர்த்தினால் நாலு வண்டி சாய்கிறது. "உள்ளாற இடமில்லை சார், கொஞ்சம் இருங்க" என்றான் ஸ்டாண்டுப் பையன். இருக்க நேரம் ஏது? ஸ்கூட்டரை வாசலிலேயே விட்டு, சாவியை அவன் கையில் திணித்துவிட்டு ஓடினேன். சீட்டு வாங்கவில்லை; பெயர்கூடச் சொல்லவில்லை. மேம்பாலப் படியில் பாதி ஏறியபோது ரயில் நகர்ந்தது. மேலே நின்றுகொண்டு, எனக்கென்று ஒரு படுக்கை வைத்திருந்த பெட்டி என் காலடியில் கடந்து போவதைப் பார்த்தேன்.

போன ரயிலின் டிக்கெட் அடுத்த ரயிலுக்குச் செல்லாது. மறுபடி வரிசையில் நின்று சாதாரண டிக்கெட் வாங்கி, பின்னால் வந்த பாண்டியனில் ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் கதவருகே நின்றும் குந்தியும் மதுரை போய்ச் சேர்ந்தேன். அங்கிருந்து பஸ். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது மணி பத்தடிக்கப் பத்து நிமிஷம். அக்காவை உள்ளே கொண்டுபோய் ஐம்பது நிமிஷம் ஆகியிருந்தது.

"போகும்போது தள்ளு கட்டிலிலிருந்து கழுத்தைத் திருப்பித் திருப்பி வாசலையே பார்த்தாங்க, மாமா" என்றாள் அக்காவின் மகள். அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அன்று மாலை வரை அந்தப் பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்ததை எழுதத் தெரியவில்லை. தெய்வம் கைவிடவில்லை, அக்கா பிழைத்தாள். மூன்றாம் நாள் பேசினாள். நான் பௌர்ணமியைப் பற்றியும் ஸ்டாண்டைப் பற்றியும் விளக்கிக்கொண்டே போனேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்பாவா இருந்தா முந்தின நாளே வந்திருப்பார்டா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

ஐந்தாம் நாள் விடியற்காலை செங்கல்பட்டில் இறங்கினேன். ஸ்கூட்டர் போயிருக்கும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டுதான் ஸ்டாண்டுக்கு நடந்தேன். அது உள்ளே, சுவர் ஓரமாக, மேலே ஒரு சாக்கு போர்த்தி நின்றது. பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்தான். "நீங்க ஓடின ஓட்டத்தைப் பார்த்தேன் சார். வண்டி கிடைச்சுதா?"

"கிடைக்கலப்பா" என்றேன்.

"அடடா" என்று சாவியை நீட்டினான். ஐந்து நாள் வாடகையைச் சரியாகக் கணக்குப் பண்ணி வாங்கிக்கொண்டான். மேலே கொடுத்ததை வாங்க மறுத்துவிட்டான்.

அடுத்த மாதம் அக்காவைப் பார்க்கப் போகிறேன். இரவு ரயில்தான். மத்தியானமே புறப்படுவதாக ஏற்பாடு. சமையலறை ஆணியில் தொங்கும் நாட்காட்டியில் அன்று என்ன விசேஷம் என்று பார்த்தாகிவிட்டது. என் பேரன் அதைப் பார்த்துச் சிரிக்கிறான். நானும் அவனுக்குப் பதில் சொல்லவில்லை.