நான் மார்த்தா கட்சி

அருமைச் சிநேகிதிக்கு,

உன் மூட்டுவலி, பேத்தி காலேஜில் சேர்ந்த கதை எல்லாவற்றையும் அடுத்த கடிதத்தில் விசாரிக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஒரு வம்பு தொண்டைவரை வந்து நிற்கிறது, அதை முதலில் கொட்டிவிடுகிறேன். நம் ஊர் வம்பு இல்லையடி. இங்கிலாந்தில், அன்றைய நார்தாம்ப்டன்ஷயரில், ஹெல்ப்ஸ்டன் என்ற கிராமத்தில் நடந்தது. இருநூறு வருஷம் ஆகியும் சூடு ஆறவில்லை.

ஆள் பெயர் ஜான் கிளேர். 1793-இல் பிறந்த கவிஞர். ஐந்தடி உயரம். கூலிக்கு ஏர் ஓட்டியவர், தோட்ட வேலை பார்த்தவர், சுண்ணாம்புக் காளவாயில் வெந்தவர். அப்பா பார்க்கர் கிளேர் கூலிக்குக் கதிரடித்தவர். அந்த அப்பா பிறந்ததே தனிக் கதை. ஸ்காட்லாந்திலிருந்து பிழைக்க வந்த வாத்தியார் ஒருவர், பிடில் வாசிப்பாராம், ஊர்ப் பெண் ஒருத்தியைக் கர்ப்பமாக்கிவிட்டு ராவோடு ராவாக நடையைக் கட்டிவிட்டார். பிள்ளைக்கு மிஞ்சியது வாத்தியாரின் பெயர் மட்டும். அந்தப் பிள்ளை வளர்ந்து, நாட்டுப்பாட்டு நூறுக்கு மேல் பாடுவேன் என்று பீர்க் கடையில் மார்தட்டுகிற அப்பாவானார். அம்மாவுக்கு எழுத்து வாசனையே கிடையாது.

பையனுக்குப் பதின்மூன்று வயதில் ஒரு நெசவாளி ஜேம்ஸ் தாம்சனின் ‘பருவங்கள்’ கவிதைப் புத்தகத்தைக் காட்டியிருக்கிறார். அவ்வளவுதான், பித்துப் பிடித்துவிட்டது. அப்பாவை நச்சரித்து ஒன்றரை ஷில்லிங் தேற்றி, ஸ்டாம்ஃபர்ட் டவுனுக்கு நடந்து போனால் ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டு. இன்னொரு நாள் தான் மேய்க்க வேண்டிய குதிரைகளை வேறொரு பையனிடம் காசு கொடுத்து ஒப்படைத்துவிட்டு ஓடிப்போய் வாங்கினான். வீடுவரைக்கும் பொறுக்கவில்லை. வழியில் பர்லி பூங்காவின் மதிலை ஏறிக் குதித்து, புல்லில் உட்கார்ந்து படித்திருக்கிறான். அதிலிருந்துதான் எழுத ஆரம்பம்.

எழுதியதைச் சுவர்ப் பொந்தில் ஒளித்து வைப்பான். அம்மா அந்தக் காகிதங்களை எடுத்துக் கெட்டில் பிடிக்கவும் அடுப்புப் பற்றவைக்கவும் வைத்துக்கொண்டாள். பையன் ஒரு தந்திரம் செய்தான். தன் பாட்டையே ஏதோ புத்தகத்தில் இருப்பதுபோல அப்பா அம்மாவிடம் வாசித்துக் காட்டுவான். அவர்கள் சிரித்த இடத்தைத் திருத்துவான், புரியவில்லை என்று முழித்த இடத்தை மாற்றுவான். எந்த எடிட்டரும் அவருக்கு இவ்வளவு நல்லது செய்யவில்லை என்பது என் கட்சி.

இனிமேல்தான் வம்பு. 1820 ஜனவரியில் லண்டனில் முதல் புத்தகம் வந்தது. போட்டவர் ஜான் டெய்லர், கவிஞர் கீட்ஸின் புத்தகங்களைப் போட்டாரே, அவரேதான். தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயருக்குக் கீழேயே ‘நார்தாம்ப்டன்ஷயர் குடியானவர்’ என்று அச்சு. ஒரே வருஷத்தில் நாலு பதிப்பு, மூவாயிரத்துக்கு மேல் விற்பனை. லண்டன் சீமான்களுக்கெல்லாம் குடியானவர் வேண்டும். ஆனால் குடியானவரின் பேச்சு வேண்டாம். புத்தகத்தின் கடைசியில் வட்டாரச் சொற்களுக்கு அகராதி போட்டார்கள், அதுவரைக்கும் சரி. ராட்ஸ்டாக் பிரபு என்று ஒரு பக்திமான், கடற்படைத் தளபதி. கொச்சை என்று சில கவிதைகளை அடுத்தடுத்த பதிப்புகளில் தூக்க வைத்தார். அதைவிடப் பிரபுவைச் சுட்டது வேறு. ஹெல்ப்ஸ்டனின் மேய்ச்சல் வெளியும் பொதுநிலமும் 1809-ஆம் வருஷத்துச் சட்டத்தால் வேலிக்குள் போய்க்கொண்டிருந்தன. ஏழையின் பசுவுக்கும் இடமில்லை, காலுக்கும் இடமில்லை. பணத்தைச் சபித்து கிளேர் எழுதிய வரிகளைப் பார்த்ததும், இது நன்றிகெட்டதனம், புரட்சிப் பேச்சு, எடு என்றார் பிரபு. எம்மர்சன் என்ற சீமாட்டி கெஞ்சிக் கெஞ்சிக் கடிதம் போட்டாள். எடுத்தார்கள்.

பிரபுக்கள் பணம் கொடுக்காமல் இல்லை. ஆளாளுக்குப் போட்டு ஒரு நிதி சேர்த்தார்கள், எல்லாம் சேர்த்து வருஷத்துக்குச் சுமார் 45 பவுன் வந்தது. ஆனால் நிதியின் முதலை அவர் தொடக்கூடாது, அது தர்மகர்த்தாக்கள் கையில். குடியானவன் கையில் மொத்தப் பணம் கொடுத்தால் குடித்தே தீர்ப்பானாம். கிளேர் குடிப்பார் என்பது நிஜம். ஆனாலும் எரிச்சலாக வருகிறதில்லையா?

பார்க்க வந்த கூட்டம் வேறு. வயலில் நிற்பவரை ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள், அன்றைய கூலி போச்சு. ஒரு கனவான் வந்து, இந்தப் பக்கத்துத் தாழ்ந்த ஜனங்கள் தானியக் கொட்டகையிலும் பன்றிக் கொட்டகையிலும்தான் காதல் செய்வார்களாமே, நீயும் அப்படித்தானா என்று கேட்டாராம். கேட்டுவிட்டு ஞாபகத்துக்கு அவருடைய கைத்தடியையும் கேட்டிருக்கிறார்! கிளேர் இதைத் தன் வரலாற்றுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். நானாக இருந்தால் கைத்தடியை வேறு விதமாகக் கொடுத்திருப்பேன்.

காதல் என்றதும் எல்லாப் புத்தகமும் மேரி ஜாய்ஸ் என்று உருகும். கிளின்டன் சர்ச் பள்ளியில் கூடப் படித்தவள், வசதியான விவசாயி மகள். அது கூடிவரவில்லை. அவர் கட்டிக்கொண்டது மார்த்தா டர்னரை. கல்யாணம் 1820 மார்ச்சில், தலைப்பிள்ளை ஜூனில். நீயே விரல்விட்டு எண்ணிக்கொள். அப்புறம் வரிசையாகப் பிள்ளைகள், ஏழு பேர் தங்கினார்கள். அடுத்த புத்தகங்கள் முதல் புத்தகம்போல ஓடவில்லை. 1827-இல் வந்த ‘இடையனின் நாட்காட்டி’யை டெய்லர் பாதிக்குப் பாதி வெட்டியும் விற்கவில்லை. மிச்சப் பிரதிகளை இவரே வீடு வீடாகச் சுமந்து விற்கப் பார்த்தார். 1832-இல் மூணே மைல் தள்ளி நார்த்பரோவில் ஒரு நல்ல வீடு கொடுத்தார்கள். அந்த மூணு மைலில் மனுஷன் உடைந்துபோனார். பழகிய மரமும் புதரும் கண்ணில் படாத இடம் அவருக்கு அயல்தேசம்.

1837-இல் எப்பிங் காட்டில் ஒரு மனநலக் காப்பகம். நாலு வருஷம் கழித்து அங்கிருந்து யாரிடமும் சொல்லாமல் கிளம்பி, நாலு நாளில் எண்பது மைல் நடந்தார். பசிக்கு ரோட்டோரப் புல்லைத் தின்றார், ரொட்டிபோல ருசித்ததாம். ராத்திரி வடக்கே தலைவைத்துப் படுப்பார், விடிந்ததும் திசை தப்பாமல் இருக்க. எதற்கு இந்த நடை? மேரியைப் பார்க்க. மேரிதான் முதல் மனைவி, மார்த்தா இரண்டாவது என்று மனசுக்குள் ஒரு கணக்கு. மேரி கல்யாணமே செய்துகொள்ளாமல், மூணு வருஷத்துக்கு முன்னேயே தீவிபத்தில் செத்துப்போயிருந்தாள். சொன்னால் நம்பவில்லை. மார்த்தா வண்டி கட்டிக்கொண்டு எதிரே வந்து நின்றபோது, யாரோ குடிகாரி, இல்லாவிட்டால் பைத்தியம் என்று நினைத்தாராம்!

இங்கேதான் எனக்கு அடிவயிறு எரிகிறது. டெய்லருக்கு வெட்டித் திருத்திய கவிதை, பிரபுவுக்கு அடங்கிய ஏழை, நமக்கு மேரி கதை. ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துக்கொண்டோம். குடி, கடன், ராத்திரிப் புலம்பல், ஏழு வயிறு எல்லாம் சேர்ந்த முழு ஆளையும் வைத்துப் பார்த்தவள் மார்த்தா ஒருத்திதான். அந்த வருஷம் டிசம்பரில் நார்தாம்ப்டன் காப்பகத்துக்கு அனுப்பினார்கள். நோய்க்கு முன்னால் கடுமையான, நீண்ட மன உளைச்சலோ மன உழைப்போ இருந்ததா என்ற கேள்விக்கு டாக்டர் எழுதியதைக் கேள்: பல வருஷமாகப் பாட்டுக் கட்டும் வெறி! அங்கே இருபத்திரண்டு வருஷத்துக்கு மேல். தன்னைக் கவிஞர் பைரன் என்பார், குத்துச்சண்டைக்காரன் என்பார், நடுவில் தெளிந்து அருமையான கவிதை எழுதுவார். 1864-இல் போய்ச் சேர்ந்தார். உடல் ரயிலில் ஹெல்ப்ஸ்டன் வந்தது. இத்தனை வருஷத்தில் மார்த்தா ஒருதரம்கூட போய்ப் பார்க்கவில்லை என்று எழுதுகிறவர்கள் குறை சொல்கிறார்கள். ஏழைக் குடும்பத்தை வைத்துக்கொண்டு நாற்பது மைலுக்கு மேல் எப்படிப் போவாள், போனாலும் யாராக அவர் எதிரே நிற்பாள் என்று ஒருத்தராவது கேட்க வேண்டாமா?

இன்னொரு வம்பு மறந்துவிட்டேனே. வெட்டாமல், நிறுத்தற்குறிகூடச் சேர்க்காமல் கிளேர் எழுதியபடியே 1964-இல் பதிப்பித்தவர்களில் ஒருவர் எரிக் ராபின்சன். பெரிய உபகாரம். அடுத்த வருஷமே, கிளேர் குடும்பத்திடமிருந்து ஒரு பதிப்பகம் எப்போதோ வாங்கியிருந்த உரிமையை அவர் ஒரே ஒரு பவுனுக்கு வாங்கிக்கொண்டார். நூறு வருஷத்துக்கு முன் செத்தவரின் பாட்டுக்கு இவரிடம் அனுமதி கேட்க வேண்டுமா என்று ஆய்வாளர்களுக்குள் பெரிய சண்டை.

நீ எப்படியும் மேரி கட்சிக்குத்தான் போவாய் என்று தெரியும், உனக்குக் கூடாத காதல் என்றால் உயிர். பதில் போடு. வக்காலத்து நாலு பக்கத்துக்குக் குறையாமல் இருக்கட்டும், நான் எட்டுப் பக்கத்தில் பதில் சொல்கிறேன்.

உன்
பிரியமுள்ள சிநேகிதி