சித்தி விடவில்லை

குரங்கணி ஜீப்பில் ஒருவர், "இலங்கையில தமிழனையே சுடப் போன பட்டாளம்தானே" என்றார். சித்தி விடவில்லை. "எங்க வீட்டுக்காரரு கேட்டுக்கிட்டா போனாரு? அனுப்புனவங்ககிட்டக் கேளுங்க."

1987 ஜூலை இந்திய-இலங்கை ஒப்பந்தத்தால் போன இந்திய அமைதிப்படையில் ஏறத்தாழ 1,200 பேர் திரும்பவில்லை. அவர்களில் சித்தப்பாவும் ஒருவர். 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவினர் சென்னையில் வந்து இறங்கியபோது முதல்வர் கலைஞர் வரவேற்கப் போகவில்லை. யாழ்ப்பாண மருத்துவமனையில் அமைதிப்படை செய்த கொலைகளை நான் மறைக்க மாட்டேன். அந்த மக்களின் கோபம் நியாயமானது. ஆனால் அந்தப் பழியையெல்லாம் ஏலக்காய் பொறுக்கிப் பிள்ளைகளை வளர்த்த ஒருத்தி ஏன் சுமக்க வேண்டும்? பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரனும் இலங்கையில் மாண்ட தமிழர்தான்.

கொழும்பு அருகே பத்தரமுல்லையில்கூட அமைதிப்படை வீரர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. நம் ஊர்ப் பள்ளியில் சித்தப்பா பெயரைப் பொறிக்கச் சொல்லி, வரும் திங்கட்கிழமை தேனி ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கிறோம். கூட வாருங்கள்.