குடும்ப மரத்தில் ஒரு வெற்றுக் கட்டம்



நான்காம் ஆண்டு மாணவர்களுக்குக் குடும்ப மரம் வரையும் இடுபணியைப் பல ஆண்டுகளாகக் கொடுத்து வருகிறேன். பூட்டனார் எந்த ஊரில் கப்பலேறிப் பினாங்குத் துறைமுகத்தில் வந்திறங்கினார் என்று பிள்ளைகள் கேட்டெழுதி வருவதைப் படிப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

சென்ற ஆண்டு ஒரு மாணவன் தந்தையின் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தான். "ஏன் எழுதவில்லை? வீட்டில் கேட்கவில்லையா?" என்று வகுப்பே கேட்கும்படி வினவிவிட்டேன். மறுநாள் அவன் தாயார் வந்தார். பிறப்புச் சான்றிதழிலும் அந்த இடத்தில் பெயர் இல்லை என்று தாழ்ந்த குரலில் கூறினார். என் ஆசிரியப் பணியில் அன்றுபோல் நான் நாணியதில்லை.

அடுத்த வாரம் பினாங்கு வரலாறு நடத்த வேண்டியிருந்தது. 1786 ஆகஸ்டு 11இல் இத்தீவில் ஆங்கிலேயக் கொடியை ஏற்றிய பிரான்சிஸ் லைட்டின் முன்னோரைத் தேடிப் படித்தேன். இங்கிலாந்தில் 1538 முதலே திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைத் தேவாலயப் பதிவேட்டில் எழுதி வந்தனர். அதனால் அங்கே பாட்டனாரின் பாட்டனாரையும் தேடிப் பிடிக்கலாம். ஆயினும் லைட்டின் மரம் முதல் கிளையிலேயே தடுமாறுகிறது. 1740இல் சஃபோக் மாவட்டத்து டாலிங்கூ சிற்றூரில் திருமுழுக்குப் பெற்றவர் அவர். தாயார் மேரி லைட். அவரை வளர்த்தவர் வில்லியம் நீகஸ் என்னும் நிலக்கிழார். அவரே தந்தை என்று பலரும் கருதுகின்றனர். ஆனால் மகன் தாங்கியது தாயின் பெயரை.

இன்னொன்றும் அறிந்தேன். 1936இல் லைட்டுக்குச் சிலை வடித்தபோது அவருடைய உருவப்படம் ஒன்றும் கிடைக்கவில்லையாம். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரை வடிவமைத்த அவர் மகன் வில்லியமின் முகத்தைப் பார்த்தே தந்தையைச் செதுக்கினர்! கொர்ன்வாலிஸ் கோட்டையில் அச்சிலையைப் பலமுறை கடந்து சென்றிருக்கிறேன். அது மகனின் முகம் என்று எனக்குத் தெரியாது.

வகுப்பில் இதைச் சொன்னேன். "அப்பாவுக்கு மகன் முகமா டீச்சர்?" என்று அதே மாணவன்தான் முதலில் சிரித்தான்.

இவ்வாண்டு இடுபணித்தாளில் தந்தை, தாய் என்று அச்சிட்ட கட்டங்களை நீக்கிவிட்டேன். "உன்னை வளர்ப்பவர் யார்? அவரை வளர்த்தவர் யார்?" என்று மட்டும் கேட்டிருக்கிறேன். சில பெற்றோருக்கு இதில் மனக்குறை உண்டு. வம்சம் தெரிய வேண்டாமா என்கின்றனர். அவர்கள் கேட்பதும் நியாயமே. விரும்புவோர் தாளின் பின்பக்கத்தில் முழு மரத்தையும் வரையலாம் என்று சொல்லியிருக்கிறேன்.