‘எல்’ பலகையும் வெள்ளவத்தை வீதிகளும்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் வீதிகள் பல. இராமகிருஷ்ண வீதி, ஸ்டேஷன் வீதி போன்றவற்றினூடாக நடந்தால் ரயில் பாதையும் அதனருகே மரைன் டிரைவ் வீதியும் வரும். விடியற்காலையில், பாடசாலை வான்களும் அலுவலக வாகனங்களும் நெருக்கத் தொடங்கும் முன்னர், இங்கு ‘எல்’ பலகை மாட்டிய சிறிய கார்கள் மெதுவாக ஊர்ந்து திரிவதைக் காணலாம். அவற்றை ஓட்டுபவர்களில் எமது பெண்களும் இருக்கின்றனர். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மட்டக்களப்பு என்று பல இடங்களிலிருந்து வந்து, உறவினர் வீட்டிலோ வாடகை அறையிலோ தங்கி, கணவனிடமோ பிள்ளைகளிடமோ போவதற்கு விசாவை எதிர்பார்த்திருப்பவர்கள் இவர்கள்.

வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் நெடுங்காலமாகவே எமது மக்கள் காத்திருக்கும் இடங்கள். 1983 யூலையில் இவ்விடங்களிலிருந்து ஓடியவர்களும் உண்டு. பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் யுத்தம் மூண்டபோது இங்கேயே வந்து சேர்ந்தவர்களும் உண்டு. கடவுச்சீட்டு, தூதரக நேர்முகம், மருத்துவப் பரிசோதனை என்று வந்தவர்கள் லொட்ஜ்களில் மாதக்கணக்கில் தங்கினர். 2007 யூன் 7ஆம் திகதி அதிகாலையில் அந்த லொட்ஜ்களிலிருந்து 370க்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் அனுப்பப்பட்டனர். அவர்களுள் பெண்களும் இருந்தனர். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு பிறப்பித்தது. அக்காலத்தில் காத்திருப்பது என்றால் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு இருப்பதுதான். இன்று அதே காத்திருப்புக் காலத்தில் ஒரு பெண் வீதியில் இறங்கி வாகனம் ஓட்டப் பழகுகிறாள். இந்த மாற்றம் கவனிக்க வேண்டியது.

ஏன் பழக வேண்டும்?

“அங்கே வந்து பழகலாம்தானே” என்று தொலைபேசியில் சொல்லும் கணவன்மார் அநேகர். போன பிறகு என்ன நடக்கிறது என்பதை ஸ்காபரோவில் வசிக்கும் ஒரு சகோதரி எனக்குச் சொன்னார். போய் ஆறு வருடங்களாகியும் அவர் ஓட்டப் பழகவில்லை. முதலில் கர்ப்பம், பிறகு கைக்குழந்தை, பிறகு தொழிற்சாலையில் இரவு வேலை. பனிக்காலத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், வேலைக்குப் போன கணவன் வரும்வரை யன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பாராம். “யுத்தத்துக்குள்ள பிள்ளையையும் தூக்கிக்கொண்டு எத்தனை கட்டை நடந்தனான் அக்கா, இங்க கடைக்குப் போறதுக்கும் ஒருத்தரைக் கேட்க வேண்டிக் கிடக்கு” என்றார்.

குடும்பத்துக்குள் கஷ்டம் ஏற்படும்போது இது இன்னும் பாரதூரமாகும். வைத்தியரிடமோ சட்ட ஆலோசகரிடமோ தனியாகப் போக முடியாத பெண், தன் கஷ்டத்தை யாருக்கும் சொல்லவும் முடியாதவளாகிறாள். கார் ஓட்டத் தெரிவது எல்லாவற்றையும் தீர்க்காது. ஆனாலும், போக வேண்டிய இடத்துக்குத் தானாகவே போகும் வழியை அது கொடுக்கிறது.

கொழும்பில் நடைமுறை

இலங்கையில் சாரதி அனுமதிப்பத்திரம் வழங்குவது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம். இதன் தலைமையகம் நாரஹேன்பிட்டியில் இருந்தாலும், கொழும்பில் அனுமதிப்பத்திர வேலைகள் வேரஹெர அலுவலகத்திலேயே நடைபெறுகின்றன. கார் ஓட்ட 18 வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் மருத்துவச் சான்றிதழ் ஆகியன தேவை. இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தவர்கள் பிரதேச செயலகத்தில் பிரதி எடுத்துக்கொள்ளலாம். பதிவே இல்லாதவர்கள் உத்தேச வயதுச் சான்றிதழ் பற்றி அங்கேயே விசாரிக்க வேண்டும்.

எழுத்துப் பரீட்சையில் 40 வினாக்கள். தரப்பட்ட விடைகளில் சரியானதைத் தெரிவுசெய்ய வேண்டும். இதைத் தமிழிலேயே எழுதலாம். இது எவரும் செய்யும் சலுகையல்ல, 1987இல் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியானது என்பதை நினைவில் வைத்திருங்கள். எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்து பயிலுநர் அனுமதிப்பத்திரம் எடுத்தாலும், செய்முறைப் பரீட்சைக்கு மூன்று மாதமளவில் பொறுத்திருக்க வேண்டும். எனவே விசா கிடைத்த பிறகு ஓடித் திரியாமல், விண்ணப்பம் போட்டவுடனேயே தொடங்குவது நல்லது.

எமது பெண்கள் அதிகம் பயப்படுவது மொழிக்குத்தான். வெள்ளவத்தையில் தமிழ் பேசும் பயிற்றுநர்கள் இருக்கின்றனர். ஆனால் பரீட்சகர் சிங்களத்தில் சொன்னால் என்ன செய்வது? இதற்கு ஆறு சொற்கள் போதும். ‘வமட்ட’ என்றால் இடப்பக்கம், ‘தகுணட்ட’ வலப்பக்கம், ‘கெலின்’ நேரே, ‘பஸ்ஸட்ட’ பின்னுக்கு, ‘ஹெமின்’ மெதுவாக, ‘நவத்தன்ன’ நிறுத்துங்கள். இந்த ஆறையும் ஒரு கடதாசியில் எழுதி, காரில் ஏறும் முன் வாய்விட்டுச் சொல்லிப் பழகிய ஒரு முல்லைத்தீவுச் சகோதரியை எனக்குத் தெரியும். அவர் அதற்குப் பக்கத்திலேயே ஆங்கிலச் சொற்களையும் எழுதி வைத்திருந்தார். லண்டனில் பரீட்சகர் ஆங்கிலத்தில்தானே சொல்வார்!

கொட்டாஞ்சேனையில் பழகுவது வேறு விதம். வெள்ளவத்தைக்கு ஊடாக மட்டக்குளிக்குப் போகும் 155ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி வடகொழும்புக்குப் போனால் இது விளங்கும். ஜம்பட்டா வீதியிலும் அதைச் சுற்றிய வீதிகளிலும் கடைக்கு முன்னால் சாமான் இறக்கும் லொறி, கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் போகும் சனம், முன்னறிவித்தலின்றித் திரும்பும் முச்சக்கர வண்டி என்று எல்லாம் ஒரே நேரத்தில் இருக்கும். துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லொறிகள் வேறு. இங்கே பழகும் பெண்ணுக்கு வேகம் வராது, ஆனால் பொறுமையும் நாலு பக்கமும் பார்க்கும் கண்ணும் வந்துவிடும். வெளிநாட்டுப் பரீட்சகர்களும் அந்தக் கண்ணைத்தான் தேடுகின்றனர்.

இங்கு எடுக்கும் அட்டை அங்கு செல்லுமா?

இதுவே எல்லோரும் கேட்கும் கேள்வி. நாட்டுக்கு நாடு விடை வேறுபடும்.

பிரித்தானியாவில் குடியேறியவர் இலங்கை அனுமதிப்பத்திரத்துடன் 12 மாதங்கள் வரை ஓட்டலாம். அதன் பின் அந்நாட்டுப் பரீட்சைகளில் சித்தியடைய வேண்டும். எழுத்துப் பகுதியில் 50 வினாக்களில் 43 சரியாக வேண்டும். வீதி அபாயங்களைக் கண்டுபிடிக்கும் 14 வீடியோக் காட்சிகளில் 75க்கு 44 புள்ளி எடுக்க வேண்டும். முன்னர் வினாக்களைத் தமிழில் கேட்கும் வசதி இருந்தது. 2014 ஏப்ரலில் அது நிறுத்தப்பட்டது. ஆகவே லண்டன் போகும் பெண்கள் வீதி சம்பந்தமான ஆங்கிலத்தை இங்கிருந்தே படித்துக்கொள்வது அவசியம். செய்முறைப் பரீட்சையின் ஆரம்பத்திலேயே 20 மீற்றர் தூரத்தில் நிற்கும் வாகனத்தின் இலக்கத் தகட்டை வாசிக்கச் சொல்வார்கள். கண்ணாடி தேவையானவர்கள் முன்னரே எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டோமற்றிக் காரில் சித்தியடைந்தால் ஓட்டோமற்றிக் மட்டுமே ஓட்டலாம் என்பதையும் கவனியுங்கள். கொழும்பில் கியர் கார் பழகியவர் அங்கும் கியர் காரிலேயே பரீட்சையில் சித்தியடைந்தால் இந்தக் கட்டுப்பாடு வராது.

கனடாவின் ஒன்ராறியோவில் குடியேறியவர் தனது பழைய அனுமதிப்பத்திரத்துடன் 60 நாட்களே ஓட்டலாம். அங்கு எழுத்துப் பரீட்சையைத் தமிழிலும் எழுதலாம். சைகைகள் பற்றி 20, விதிகள் பற்றி 20 என வினாக்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் 16 சரியாக வேண்டும். புதிதாகத் தொடங்குபவர் வீதிப் பரீட்சைக்கு 12 மாதங்கள் காத்திருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி பெற்றால் 8 மாதங்கள். இலங்கையில் ஓட்டிய அனுபவத்தை ஆதாரத்துடன் காட்டினால் இந்தக் காத்திருப்பு குறையும். அதற்குத் திணைக்களத்திடமிருந்து உறுதிப்படுத்தும் கடிதம் பெற்று வைத்திருப்பது உதவும்.

சுவிற்சர்லாந்தில் இலங்கை அனுமதிப்பத்திரம் உள்ளவர் 12 மாதங்களுக்குள் ஒரு கட்டுப்பாட்டு ஓட்டத்தில் சித்தியடைந்தால் அதை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அதில் தவறினால் திரும்ப முயற்சிக்க முடியாது. புதிதாகத்தான் தொடங்க வேண்டும். ஜேர்மனியில் ஆறு மாதங்களுக்குப் பிறகு இரண்டு பரீட்சைகளும் எழுத வேண்டும். எனினும் ஏற்கனவே அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவருக்குக் கட்டாய வகுப்புகள் இல்லை. அங்கு வகுப்புக் கட்டணம் எவ்வளவு என்று தெரிந்தவர்களுக்கு இதன் பெறுமதி விளங்கும்.

சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் இருந்தால் போதும் என்று சிலர் நம்புகின்றனர். அது தற்காலிகமாகச் சென்று வருபவர்களுக்கானது. குடியேறுபவருக்கு அது பரீட்சைக்குப் பதிலாகாது.

வீதி மாறும்போது

இலங்கையிலும் பிரித்தானியாவிலும் இடப்பக்கமாக ஓட்டுகிறோம். கனடா, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ், நோர்வேயில் வலப்பக்கம். கியர் மாற்றும் கையும் மாறும். சுற்றுவட்டத்தில் இங்கே வலமிருந்து வருபவருக்கு வழிவிடுகிறோம். அங்கே வாகனங்கள் எதிர்த்திசையில் சுற்றும் என்பதால் இடப்பக்கமே பார்க்க வேண்டும். ஒன்ராறியோவில் பாடசாலை பஸ் சிவப்பு விளக்கை மினுக்கிக்கொண்டு நின்றால், நடுவில் பிரிப்புத்திட்டு இல்லாத வீதியில் இரு பக்க வாகனங்களும் நிற்க வேண்டும். பாதசாரிக் கடவையிலும் நடப்பவர் முற்றாகக் கடக்கும்வரை காத்திருக்க வேண்டும். காலி வீதிப் பழக்கத்தில் ஹோர்ன் அடித்து வழி கேட்பது அங்கே சரிவராது.

யுத்தம் உடலில் இருக்கும்போது

ஒரு விடயத்தை ஒளிவுமறைவின்றிப் பேச வேண்டும். எங்களிற் பலருக்குச் சத்தம் இன்னும் சத்தமாக இருப்பதில்லை. லொறி டயர் வெடித்தால், பின்னாலிருந்து திடீரென்று ஹோர்ன் அடித்தால், கை நடுங்கி, கால் பிரேக்கை மறந்துவிடும். இதைக் கோழைத்தனம் என்று நினைத்துப் பாதியில் விட்ட பெண்கள் உள்ளனர். அவர்கள் கோழைகள் அல்லர். ஷெல்லுக்குள் வாழ்ந்த உடம்பு தன்னைக் காப்பாற்றப் பழகிக்கொண்ட விதம் அது. பயிற்றுநரிடம் முதல் நாளே சொல்லுங்கள். வாகன நெரிசல் குறைந்த காலை நேரத்தில் தொடங்கி, சிறிது சிறிதாக நெரிசலான வீதிக்கு வாருங்கள். தொடர்ந்து நடுக்கம் இருந்தால் உளவளத் துணையாளரை நாடுங்கள். உடலில் ஷெல் துண்டுகள், காது கேளாமை, வலிப்பு போன்றவை இருந்தால் மருத்துவப் பரிசோதனையில் மறைக்க வேண்டாம். பிரித்தானியா போன்ற நாடுகளில், ஓட்டுவதைப் பாதிக்கும் நோய்களை அறிவிப்பது சட்டப்படி கட்டாயம்.

போகும் முன்

அனுமதிப்பத்திரத்தின் பிரதிகளை இரண்டு இடங்களில் வையுங்கள். மூல அட்டையை உங்கள் கைப்பையிலேயே கொண்டுபோங்கள். உங்கள் ஆவணம் உங்கள் கையில் இருக்கட்டும். கணவனின் கோவைக்குள் போக வேண்டியதில்லை. கடவுச்சீட்டிலுள்ள பெயரும் அனுமதிப்பத்திரத்திலுள்ள பெயரும் ஒரே எழுத்துகளில் உள்ளனவா என்று பாருங்கள்.

விசா மறுக்கப்படுவதும் உண்டு. அப்போதும் இந்த முயற்சி வீண்போகாது. இங்கே அது ஓர் அடையாள ஆவணம். தேர்தலில் வாக்களிக்கும்போதும் ஏற்றுக்கொள்ளப்படும். தொழில் தேடவும், வீட்டுத் தேவைகளைத் தானே பார்க்கவும் உதவும். விசா மறுக்கப்பட்ட வட்டக்கச்சிச் சகோதரி ஒருவர் ஊருக்குத் திரும்பி, இன்று பாடசாலைப் பிள்ளைகளை வானில் ஏற்றி இறக்குகிறார். எங்கே வாழப்போகிறோம் என்பதைத் தூதரகங்கள் தீர்மானிக்கலாம். எங்கே இருந்தாலும் பிறர் தயவை எதிர்பாராமல் போய்வருவதற்கு, காத்திருக்கும் இந்த மாதங்களிலேயே எம்மைத் தயார்படுத்திக்கொள்வோம்.