சித்தப்பாவின் வாரண்ட்

போன வியாழக்கிழமை ராத்திரி எட்டு மணி இருக்கும். மாடிப்படியில தடதடன்னு சத்தம். எட்டிப் பார்த்தா மேல் வீட்டுப் பையன். தோள்ல பச்சைக் கலர் பை, கையில கயிறு கட்டின அட்டைப்பெட்டி.

"எப்படா வந்தே?"

"இப்பதான் அங்கிள். போர்ட் பிளேர்லேர்ந்து மெட்ராஸுக்கு ரெண்டு மணி நேரம்தான் ஆச்சு. ஏர்போர்ட்லேர்ந்து அபிராமபுரம் வர்றதுக்கு ஒண்ணேகால் மணி நேரம்"னு சிரிச்சான்.

பையன் கடற்படையில இருக்கான். அந்தமான் போஸ்டிங். (போர்ட் பிளேருக்கு 2024-ல ஸ்ரீ விஜயபுரம்னு பேர் மாத்திட்டாங்க. ஆனா அவனே இன்னும் பழைய பேர்தான் சொல்றான்.) டிக்கெட்டுக்கு வாரண்ட் கிழிச்சுத் தந்தாங்களான்னு கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தான். "அதெல்லாம் இப்ப ஆன்லைன் அங்கிள். டி.டி.எஸ்.னு ஒண்ணு இருக்கு, லீவு சாங்ஷன் ஆச்சுன்னா அதுலயே டிக்கெட் போட்டுக்கலாம்"னுட்டு அம்மா சமையல் வாசனையைப் பிடிச்சுக்கிட்டு மேல ஓடிட்டான்.

எனக்குத்தான் அன்னிக்குத் தூக்கம் வரலை. வாரண்ட்ங்கற வார்த்தையை நான் வாயால சொல்லி முப்பத்தஞ்சு வருஷம் இருக்கும்.

பட்டாளத்துக்காரங்க இல்லாத வீட்டுல இருக்கறவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ராணுவத்துல ஒரு ஜவானுக்கு வருஷத்துக்கு 60 நாள் ஆண்டு லீவு, 30 நாள் கேஷுவல் லீவு. கேக்க நிறைய இருக்கற மாதிரி இருக்கும். ஆனா லீவு கொடுத்தா மட்டும் போதுமா? எல்லையில எங்கயோ இருக்கறவனை ஊர்ல கொண்டுபோய்ச் சேர்க்கணுமே. அதுக்குத்தான் ரயில்வே வாரண்ட். அது டிக்கெட் இல்லை, ஒரு தாள். அதை ஸ்டேஷன்ல கொடுத்தா காசு வாங்காம டிக்கெட் கொடுப்பாங்க, பணத்தை ரயில்வேக்கு சர்க்கார் கட்டிடும். அது தவிர சலுகைக் கட்டணத்துல போறதுக்கு ஃபார்ம் டி-ன்னு ஒரு சீட்டு. சென்ட்ரல் ஸ்டேஷன்ல எம்.சி.ஓ.ன்னு ஒரு போர்டு பார்த்திருப்பீங்க. ராணுவத்துக்காரங்க பயணத்தைக் கவனிச்சுக்கற ஆபீஸ் அது. வாசல்ல எப்பவும் கறுப்பு டிரங்குப் பெட்டிங்க அடுக்கியிருக்கும், அதுமேல யாராவது ஒருத்தர் உட்கார்ந்தே தூங்கிட்டு இருப்பார்.

எங்க சித்தப்பாவும் அப்படித் தூங்கினவர்தான்.

1987 ஜூலை 29-ம் தேதி ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனேயும் ஒப்பந்தம் போட்டாங்க. மறுநாளே நம்ம படை பலாலியில போய் இறங்கிடுச்சு. இந்திய அமைதிப்படைன்னு பேர். தலைமையகம் மெட்ராஸ்லதான் இருந்தது. சித்தப்பா ஹவில்தார், சிக்னல்ஸ். கொஞ்ச நாள்ல அவரையும் திருகோணமலைக்கு அனுப்பிட்டாங்க. சொந்த ஊர் வேலூர் பக்கம். வீட்டுக்கு ஒரு பட்டாளத்தான்னு சொல்ற மாதிரி கிராமங்க உள்ள ஜில்லா அது.

லீவுல வர்றதுன்னா திருகோணமலையிலேர்ந்து கப்பல்ல மெட்ராஸ் ஹார்பர். அங்கேர்ந்து ட்ரான்சிட் கேம்ப், அப்புறம் சென்ட்ரல், அப்புறம் காட்பாடி. நடுவுல ஒரு ராத்திரி எங்க வீடு. அபிராமபுரத்துல அப்ப நாங்க இருந்தது ரெண்டு ரூமும் ஒரு கூடமும் உள்ள வாடகை வீடு. சித்தப்பா தனியா வரமாட்டார். ரிசர்வேஷன் கிடைக்காம மாட்டிக்கிட்ட யாரையாவது கூட்டிட்டு வருவார்.

1988-ல ஒரு தடவை ஒரு கடுவால்காரரைக் கூட்டிட்டு வந்தார். சின்ன வயசு, மீசைகூட சரியா முளைக்கலை. அவர் ஊருக்குப் போகணும்னா மெட்ராஸ்லேர்ந்து டெல்லிக்கு ரெண்டு ராத்திரி, டெல்லியிலேர்ந்து கோட்துவார், அங்கேர்ந்து மலைமேல பஸ், பஸ் நிக்கற இடத்துலேர்ந்து நடை. கூடத்துல உட்கார்ந்து விரல் விட்டு நாள் எண்ணிக்கிட்டே இருந்தார். போக ஆறு, வர ஆறு. டெல்லி வண்டிக்கு எம்.சி.ஓ. கோட்டாவுல இடம் கிடைக்க மூணு நாள் ஆச்சு. அந்த மூணு நாளும் எங்க வீட்டுலதான்.

அவருக்குத் தமிழ் தெரியும்னு சித்தப்பா பெருமையாச் சொன்னார். அம்மாவும் ஆசையா, "எங்க, பேசு பார்ப்போம்"னாங்க. அவர் வெட்கப்பட்டுக்கிட்டே சொன்னார்: "நில்லு. எறங்கு. கையத் தூக்கு. எங்க போற?"

அம்மா முதல்ல சிரிச்சுட்டாங்க. அப்புறம் ஒண்ணும் பேசாம அடுக்களைக்குப் போயிட்டாங்க. செக்போஸ்ட்ல நின்னு கத்துக்கிட்ட தமிழ் அது. தண்ணிக்குத் தமிழ்ல என்னன்னு அவருக்குத் தெரியலை. ஊருக்குக் கிளம்பறதுக்குள்ள தண்ணி, சோறு, போதும், அம்மான்னு நாலு வார்த்தை எங்கம்மாதான் சொல்லிக்கொடுத்தாங்க.

இனிமேதான் நான் சொல்லவந்த விஷயம்.

1989 நவம்பர். நான் அப்ப காலேஜ். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில 1987 அக்டோபர் 21-ம் தேதி நடந்ததைப் பத்திப் படிச்சிருந்தேன். டாக்டர்கள், நர்ஸுகள், நோயாளிகள்னு அறுபது பேருக்கு மேல அமைதிப்படையால செத்துப்போனாங்க. காலேஜ்ல பேசறது, சுவத்துல எழுதறது எல்லாம் அதுதான். எனக்கும் ரத்தம் கொதிச்ச வயசு. அந்தக் கோபம் தப்புன்னு இன்னிக்கும் நான் சொல்லமாட்டேன். அதை எங்க கொண்டுபோய்க் கொட்டினேன்கறதுதான் தப்பு.

சித்தப்பா லீவுல வர்றார்னு தகவல் வந்தது. எப்பவும் ஹார்பருக்குப் போய்ப் பெட்டி தூக்கறது நான்தான். மந்தைவெளியில பஸ் பிடிச்சா பாரிஸ் கார்னர், அங்கேர்ந்து நடை. அந்தத் தடவை அப்பா சொல்லியும் நான் போகலை. பரீட்சை இருக்குன்னு பொய் சொன்னேன். மழை கொட்டுது. ராத்திரி ஒன்பதரைக்கு சித்தப்பா தானே ஆட்டோ பிடிச்சு, சொட்டச் சொட்ட நனைஞ்சு வந்து நின்னார்.

சாப்பிடறப்ப நான் சும்மா இருக்கலை. "தமிழனைச் சுடறதுக்கு ஒரு தமிழனே சம்பளம் வாங்கிட்டுப் போறீங்களே, தொண்டையில சோறு எறங்குதா?"ன்னு கேட்டுட்டேன். அப்பா கையை ஓங்கிட்டார். சித்தப்பாதான் தடுத்தார்.

அவருக்குக் கோபமே வரலை. சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே சொன்னார்: "தம்பி, எனக்கு லீவு முப்பது நாள். கடல் சரியில்லைன்னு கப்பலுக்காக ஆறு நாள் உட்கார்ந்திருந்தேன். கப்பல், கேம்ப் எல்லாம் சேர்த்து வழியிலயே ஒன்பது நாள் போச்சு. திரும்பிப்போக நாலு நாளாவது வேணும். மிச்சம் பதினேழு. அதுல ஒரு ராத்திரியை உன்கூட சண்டை போட்டுச் செலவழிக்கணுமா?"

லீவுக் கணக்கைப் பேப்பர்ல எப்படி எழுதுவாங்களோ தெரியாது. போஸ்டை விட்டுக் காலெடுத்து வெச்ச நாள்லேர்ந்து எண்ணுறதுதான் சித்தப்பா கணக்கு. காலையில நான் எழுந்திரிக்கறப்ப அவர் இல்லை. விடியக்காலையிலயே பெட்டியைத் தானே தூக்கிட்டு சென்ட்ரலுக்குப் போயிட்டார்.

1990 மார்ச் 24-ம் தேதி அமைதிப்படையோட கடைசி அணி திருகோணமலையிலேர்ந்து கிளம்பிச்சு. அந்த மாசம் மெட்ராஸ் ஹார்பர்ல நடந்த வரவேற்புக்கு முதல்வர் கருணாநிதி போகலை. அது அவரோட அரசியல் நிலைப்பாடு. சரியா தப்பான்னு இன்னிக்கும் பேசறாங்க, பேசட்டும். எனக்கு அதுல ஒரு சௌகரியம் இருந்தது. முதலமைச்சரே போகலை, நான் போகாததுல என்ன தப்புன்னு ரொம்ப வருஷம் எனக்கு நானே சொல்லிட்டு இருந்தேன். ஆனா அவர் போகாதது ஒரு படைக்கு. நான் போகாதது எங்க சித்தப்பாவுக்கு. ரெண்டும் ஒண்ணா?

இலங்கையில செத்துப்போன நம்ம வீரர்கள் சுமார் 1,200 பேர். கொழும்புப் பக்கத்துல அவங்க பேரையெல்லாம் செதுக்கி இலங்கை அரசாங்கமே ஒரு நினைவுச்சின்னம் வெச்சிருக்கு. அதுல எத்தனை பேர் விரல் விட்டு லீவு நாள் எண்ணிக்கிட்டு இருந்தாங்களோ.

இதை எழுத உட்கார்ந்தப்புறம்தான் ஒண்ணு உறைச்சது. லீவுல போறதும் வர்றதும் சும்மா டிக்கெட் விஷயம் இல்லை.

2016 ஜூலை 22-ம் தேதி காலையில தாம்பரத்துலேர்ந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பின விமானப்படையோட ஏ.என்.-32 ஞாபகம் இருக்கா? வாராவாரம் போற கூரியர் விமானம். படையில இருக்கறவங்க தீவுக்குப் போகவர அதுவும் ஒரு வழி. விமானத்துல இருந்தவங்க 29 பேர். அதுல 8 பேர் கடற்படைக் கிடங்குல வேலை பார்த்த சிவிலியன்கள். வங்கக் கடல் மேல காணாமப் போச்சு. ஏழரை வருஷம் கழிச்சு, 2024 ஜனவரியிலதான் சேதி வந்தது. நம்ம பள்ளிக்கரணையில இருக்கே, தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், அவங்க அனுப்பின ஆளில்லா நீர்மூழ்கிதான் 3,400 மீட்டர் ஆழத்துல உடைஞ்ச பாகங்களைப் படம் எடுத்துக் கொடுத்தது.

2019 பிப்ரவரி 14, புல்வாமா. 78 வண்டி, 2,500 பேருக்கு மேல சி.ஆர்.பி.எஃப். ஆட்கள். நிறையப் பேர் லீவு முடிஞ்சு திரும்பிட்டு இருந்தவங்க. பனியால ரோடு சில நாள் மூடியிருந்ததால ஜம்முவுல தேங்கிப்போய், எல்லாரும் மொத்தமாக் கிளம்பினாங்க. 40 பேர் போயிட்டாங்க, ரெண்டு பேர் தமிழ்நாட்டுக்காரங்க. சரியா ஒரு வாரம் கழிச்சு, 21-ம் தேதி, உள்துறை அமைச்சகம் ஒரு உத்தரவு போட்டது. டெல்லி-ஸ்ரீநகர், ஜம்மு-ஸ்ரீநகர் வழியில துணை ராணுவத்துல எல்லா ரேங்க்காரங்களும் விமானத்துல போகலாம், லீவுல போனாலும் வந்தாலும் சரின்னு. கான்ஸ்டபிள், ஹெட் கான்ஸ்டபிள், ஏ.எஸ்.ஐ.ன்னு அதுவரைக்கும் அந்த உரிமை இல்லாத 7,80,000 பேருக்கு அது கிடைச்சது. நல்ல உத்தரவுதான். ஒரு வாரம் முன்னாடி வந்திருக்கலாம்.

நம்மகிட்ட மட்டும்தான் இப்படின்னு நினைக்காதீங்க. 2003-ல ஈராக்லேர்ந்து 15 நாள் லீவுல வந்த அமெரிக்கச் சிப்பாய்களை முதல்ல குறிப்பிட்ட சில விமான நிலையம் வரைக்கும்தான் இலவசமாக் கொண்டுவந்து விட்டாங்க. அங்கேர்ந்து வீட்டுக்கு அவங்க கைக்காசு. ஜனங்க தங்களோட விமானப் பயணப் புள்ளிகளைத் தானம் பண்ணினாங்க. அதுக்கப்புறம்தான் வீட்டுக்குப் பக்கத்து ஏர்போர்ட் வரைக்கும் அரசாங்கமே செலவை ஏத்துக்கிச்சு. எந்த நாடா இருந்தாலும் போர்க்களத்துக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு வண்டி உடனே கிடைச்சிடுது. வீட்டுக்குத் திரும்பறதுக்குத்தான் யாராவது ஞாபகப்படுத்த வேண்டியிருக்கு.

நேத்து சித்தப்பாவுக்குப் போன் பண்ணினேன். எழுபத்தஞ்சு ஆகுது. காட்பாடிப் பக்கத்துல சொந்த வீடு, ரெண்டு மாடு, காதுதான் கொஞ்சம் மந்தம். கத்திப் பேசணும். முப்பத்தஞ்சு வருஷமா மனசுக்குள்ள வெச்சிருந்த மன்னிப்பைக் கத்திக் கேக்கறது எவ்வளவு கஷ்டம்னு நேத்துதான் தெரிஞ்சது :-)

"சித்தப்பா, எண்பத்தொன்பதுல நான் ஹார்பருக்கு வரலையே..."

"எதுக்கு வரலே?"

"கோபம் சித்தப்பா. அப்புறம் சாப்பிடறப்ப வேற..."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கேக்கலையோன்னு நினைச்சேன்.

"அன்னிக்கு உங்கம்மா மிளகு ரசம் வெச்சிருந்தா. மழையில நனைஞ்சு வந்ததுக்கு அது தேவாமிர்தமா இருந்தது"ன்னார். அப்புறம் மெதுவா, "நீ கேட்டதை அங்கயும் கேட்டாங்கடா. செக்போஸ்ட்ல ஒரு அம்மா, 'நீங்கள் தமிழோ?'ன்னு கேட்டுட்டு என் மூஞ்சியையே பார்த்துட்டு நின்னாங்க. அவங்களுக்கும் நான் பதில் சொல்லலை"ன்னார்.

நான் என்ன சொல்றதுன்னு தெரியாம மேல் வீட்டுப் பையன் கதையைச் சொன்னேன். ஆன்லைன் டிக்கெட், ரெண்டு மணி நேரம் எல்லாம். வாரண்ட் இல்லையான்னு அவரும் ஆச்சரியப்பட்டார்.

"என்னிக்குத் திரும்பிப் போறான்?"

"வர்ற ஞாயித்துக்கிழமை காலையில ஃபிளைட்டாம்."

"யார் ஏத்திவிடப் போறா?"

"டாக்சியில போயிடுவான் சித்தப்பா. அவங்க அப்பாவுக்கு முட்டி வலி."

"நீ போ. வர்றப்ப கூட்டிட்டு வரப் பத்துப் பேர் வருவான். திரும்பிப் போறப்பதான் ஒருத்தனும் இருக்கமாட்டான். பெட்டியை நீ தூக்கு"ன்னுட்டு போனை வெச்சுட்டார்.

மேல் வீட்டுல சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை விடியக்காலம் மூணு மணிக்கு அலாரம் வெச்சிருக்கேன்.