கம்பி வழியே ஏறிய உஷ்ணம்

செவ்வாய், இரவு

காலையில் கசாப்புக் கடையிலிருந்து வாங்கிவந்த மாட்டு ஈரலைச் சோதனைச்சாலை மேஜைமேல் வைத்து, இரண்டரை மில்லிமீட்டர் பருமனுள்ள எங்கள் ஆன்டெனாவை அதனுள் செருகி, சமையலறை நுண்ணலை அடுப்புக்குரிய அதே 2,450 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் 50 வாட் திறனைப் பத்து நிமிஷம் செலுத்தியபின் நெடுக அரிந்து பார்த்தபோது, நான் ஆசைப்பட்ட உருண்டை வடிவம் அங்கே இல்லை. வெந்து வெளுத்த பாகம் நுனியில் பருத்து, கம்பி சென்ற வழியே மேல்நோக்கிச் சிறுத்து, வால் முளைத்தாற்போல் நீண்டு கிடந்தது.

அந்த வால் என்னைத் தூங்கவிடவில்லை. ஈரலின் ஆழத்திலுள்ள புற்றுக்கட்டியைப் பொசுக்கவேண்டிய உஷ்ணம், ஊசி நுழைந்த பாதையிலேயே திரும்பி ஏறினால், நோயாளியின் ஆரோக்கியமான சதையையும், இன்னும் ஏறினால் அவர் தோலையுமே சுட்டுவிடும். 60 டிகிரியைத் தாண்டிய உஷ்ணத்துக்குக் கட்டியென்றும் நல்ல சதையென்றும் பேதம் தெரியாது. நுனியில் அலையாக வெளிப்படவேண்டிய மின்னோட்டத்தில் ஒரு பங்கு, ஆன்டெனாவுக்குத் திறனைக் கொண்டுவரும் கேபிளின் வெளிக்கடத்தியினுடைய புறப்பரப்பைப் பற்றிக்கொண்டு பின்னோக்கி ஓடுவதே இதற்குக் காரணம்.

புதன்

கேபிளைச் சுற்றி ஒரு செப்புக் குழாயைப் பொருத்தி, நுனியை நோக்கிய வாயைத் திறந்துவிட்டு, மறு முனையைக் கேபிளோடு பற்றவைத்து மூடினால், குழாயின் நீளம் கால் அலைநீளமாக இருக்கும் பட்சத்தில், திரும்பி வரும் மின்னோட்டம் அந்த வாயிலிலேயே தடைப்பட்டு நின்றுவிடும். காற்றில் 12 சென்டிமீட்டருக்குச் சற்று மிகுந்த அலை, ஒப்புமை விடுதிறன் ஏறக்குறைய 43 ஆகிய ஈரலினுள் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவாகச் சுருங்குவதால், ஐந்து மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவாகக் குழாயை வெட்டினேன். வால் அப்படியே இருந்தது. குழாய்க்கும் கேபிளுக்கும் இடையே அலை செல்வது ஈரலில் அன்று, டெஃப்லானில் என்பது மாலையில்தான் புத்தியில் உறைத்தது. டெஃப்லானின் விடுதிறன் 2.1, அப்படியானால் வேண்டிய நீளம் 21 மில்லிமீட்டர்.

விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆன்டெனாவிலோ இத்தகைய குழாய் கேபிளோடு ஒட்டாமல் மிதந்தபடியே மின்னோட்டத்தைத் தடுக்கும் இந்தக் காரியத்தைச் செய்கிறது. அந்த யோசனையின் அழகை எத்தனை தடவை நினைத்தாலும் எனக்குத் திருப்தி தீரவில்லை.

வெள்ளி

புதிய குழாயோடு இன்று அரிந்த ஈரலில் வால் ஏறக்குறைய மறைந்துவிட்டது. கையில் ஏந்தி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயினும் இது உயிரற்ற ஈரல். உயிருள்ள ஈரலிலோ, பெரிய ரத்தக்குழாய் ஒன்று அருகே ஓடினால், நாம் ஊட்டும் உஷ்ணத்தை அது வாரிக்கொண்டு போய்விட, அந்தப் பக்கத்துக் கட்டியில் ஓர் ஓரம் சாகாமல் எஞ்சக்கூடும். தவிர, சூடேறச் சூடேறச் சதையின் நீர் ஆவியாகி, விடுதிறன் தாழ்ந்து, தொடக்கத்தில் இசைந்திருந்த ஆன்டெனா முடிவில் இசைவிழந்து, அனுப்பிய திறனில் ஒரு பகுதியைத் திருப்பியனுப்புகிறது.

நாளை ஈரலை வெந்நீர்த் தொட்டியில் 37 டிகிரிக்குக் கொணர்ந்து, ஆன்டெனாவுக்கு ஒரு சென்டிமீட்டர் தள்ளி, ரத்தக்குழாய்க்குப் பதிலாக மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி, அதில் வெதுவெதுப்பான நீரை ஓடவிட்டுப் பார்க்கவேண்டும். உலோக வெப்பமானி அலையைக் கலைத்துவிடுமாதலால், கண்ணாடியிழை வெப்பமானிகளை எடுத்துவைத்திருக்கிறேன்.